மேலுதட்டின் இடப்பக்கம்

பேண்டு ஒத்திகை முடிந்து, ட்ரம்பெட் மாதிரியான தன் கார்னெட்டை மடியில் இறக்கியதும் நோலீன் செய்கிற முதல் வேலை, யாரும் பார்க்காத சமயமாகப் பார்த்து நாக்கு நுனியால் மேலுதட்டின் இடப்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பதுதான். அன்றைக்கும் தொட்டாள். குறுகுறுத்தது. குறுகுறுக்காமல் என்ன செய்யும்? ஒன்றரை மணி நேரம் பித்தளையை உதட்டில் அழுத்தி ஊதினால் யானைக்குக்கூடக் குறுகுறுக்கும். ஆனால் இது ஊதினதால் வந்த குறுகுறுப்பா, இல்லை அந்தச் சனியன் பிடித்த கொப்புளம் வரப்போகிற குறுகுறுப்பா? இந்த ஒரு கேள்விதான் டிசம்பர் பிறந்ததிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஓர் உதட்டைக் காவல் காக்க வேண்டியிருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

ஆஸ்திரேலியாவின் தென்கரையில் இருக்கிற மெர்ரிட் பே என்ற சின்ன ஊரில், கோடை நடுவில் வருகிற கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் இருப்பவர்கள் கிடையாது. கோதுமை ஏற்றுகிற லாரியைக் கழுவி, பின்னால் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அதன்மேல் பேண்டு மொத்தமும் ஏறி உட்கார்ந்து தெருத் தெருவாக வாசித்துக்கொண்டு போகும். சனங்கள் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஈ விரட்டிக்கொண்டு, கையில் பீரோடு காத்திருப்பார்கள். கடைசியில் லாரி படகுத்துறையான ஜெட்டிக்கு வந்து நிற்கும். இஞ்சினை அணைத்துவிடுவார்கள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, முதல் கார்னெட் வாசிக்கிறவர் மட்டும் தனியாக எழுந்து ஒரு பாட்டின் முதல் சரணத்தை வாசிப்பார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அந்த முதல் கார்னெட் நாற்காலியில் கிரஹாம் என்கிற மனிதர் ஆணி அடித்தாற்போல உட்கார்ந்திருந்தார். நோலீன் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இரண்டாவது கார்னெட். கிரஹாமின் நிழலில் உட்கார்ந்து, கிரஹாமின் தாளைப் புரட்டிவிட்டு, ஒருநாள்கூட வாய்விட்டுக் கேட்காமல் அந்தச் சரணத்தை மனசுக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருந்தவள். ஒருவழியாகக் கிரஹாமுக்கு மூட்டுவலி வந்து, வெயில் தேடிக் குவீன்ஸ்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். நாற்காலி அவளுக்கு வந்தது. சொன்னால் தப்பு, ஆனாலும் அந்த மூட்டுவலிக்கு அவள் உள்ளுக்குள் நன்றி சொன்னாள்.

முதல் வருஷம், லாரி கிளம்புகிற அன்று காலையில் உதட்டில் கொப்புளம். ஒன்றல்ல, கொத்தாக. மவுத்பீஸை வைத்தால் உயிர் போகிற வலி. பல்வலி என்று சொல்லிக் கழுத்துத் துணியால் வாயைச் சுற்றிக்கொண்டு லாரியில் உட்கார்ந்திருந்தாள், அனல் காற்றடிக்கிற நாற்பது டிகிரியில். இரண்டாவது வருஷமும் அதே நாள், அதே இடம், அதே கொத்து. அந்தத் தடவை குளவி கொட்டிவிட்டது என்றாள். இரண்டு வருஷமும் அந்தச் சரணத்தை டட்லி தன் ட்ராம்போனில் வாசித்தார். டட்லி ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர், நல்ல மனுஷன், நன்றாகவும் வாசிப்பார். ஆனால் அந்த ட்ராம்போன் இழுத்து ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு ஏறும்போது ஜெட்டியில் இருந்த நாய்களெல்லாம் மூஞ்சியைத் தூக்கி ஊளையிட ஆரம்பித்தன. கசாப்புக்கடைக்காரரின் பழுப்பு நாய்தான் தொடங்கி வைக்கும். இரண்டாவது வருஷம் அது சரணம் முடிகிறவரை நிறுத்தவே இல்லை. ஊர் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானது. நோலீன் மட்டும் கழுத்துத் துணிக்குள் அழுதாள்.

பேண்டுக்குத் தலைவி மோரீன். தபாலாபீஸை நடத்தி ஓய்வு பெற்றவள், எழுபது வயது, குரல் ஊருக்கு வெளியே கோதுமை சேமிக்கிற சைலோ வரைக்கும் கேட்கும். இந்த வருஷம் முதல் ஒத்திகையிலேயே குச்சியை நோலீன் பக்கம் நீட்டிச் சொல்லிவிட்டாள்: "இந்தா பாரு, இந்த வருஷமும் கொட்டுச்சு, கடிச்சுச்சுன்னு வந்து நின்னே, அந்தத் தனி வாசிப்ப டட்லிக்கே நிரந்தரமாக் குடுத்துடுவேன். நாய் ஊளையிட்டா இட்டுட்டுப் போகட்டும். ஆளாவது நம்பகமான ஆளு."

எல்லாரும் சிரித்தார்கள். டட்லி மட்டும் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்துக்கடைக்கு நோலீன் சாத்துகிற நேரமாகப் பார்த்துப் போனாள். கடையை நடத்துகிற ட்ராங் அடிலெய்டிலிருந்து வந்தவள். ஊருக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதனாலேயே அவளிடம் சொல்வது சுலபமாக இருந்தது. ஆனாலும் வந்த விஷயத்தைச் சொல்லாமல் முதலில் சன் கிரீம் எடுத்தாள், பிறகு நாய்ச் சோப்பு எடுத்தாள். அவளிடம் நாயே கிடையாது.

"நோலீன், நாய்ச் சோப்பு எதுக்கு? உண்மையச் சொல்லுங்க, என்ன வேணும்?"

நோலீன் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு உதட்டைத் தொட்டுக் காட்டினாள். "போன வருஷம் இதுக்கு மாத்திரை குடுத்தியே, வேலையே செய்யல."

"எப்போ போட்டீங்க?"

"கொப்புளம் வந்ததும் போட்டேன். வராம எதுக்குப் போடணும்?"

ட்ராங் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே. கொப்புளம் வந்தப்புறம் போடுறது, படகு போனப்புறம் ஜெட்டில நின்னு கை காட்டுற மாதிரி. அந்தக் கிருமி நரம்புக்குள்ள சும்மா படுத்துக் கெடக்கும். வெயிலு, காத்து, கவலை, ஏதாச்சும் ஒண்ணு எழுப்பிவிட்டா உதட்டுக்கு வந்து பெருக ஆரம்பிக்கும். அது பெருகுறதத்தான் மாத்திரை தடுக்கும். பெருகி முடிச்சப்புறம் தடுக்க என்ன இருக்கு? மொதமொதல்ல குறுகுறுன்னு வருது பாருங்க, அப்பவே போடணும். மொத்தமும் ஒரே வேளைல. நல்ல நேரத்துல போட்டா சில சமயம் கொப்புளமே வராது. வந்தாலும் சின்னதா வந்து சீக்கிரம் போயிடும்."

"சில சமயமா?"

"சில சமயம்தான். பொய் சொல்ல மாட்டேன்."

நோலீன் கவுண்டரில் சாய்ந்துகொண்டாள். "சரிம்மா, குறுகுறுன்னு வந்தாப் போடணும்ங்கிற. எனக்கு வாரத்துல ரெண்டு நாள் குறுகுறுங்குதே, அதுக்கு என்ன பண்றது? ஊதுற எல்லாருக்கும் அப்படித்தான். ஒத்திகை விட்டு வரும்போது எங்க பேண்டு மொத்தமும் உதட்டைத் தேச்சுக்கிட்டேதான் வரும்."

ட்ராங் இதை எந்தப் படிப்பிலும் படித்ததில்லை. வாயைப் பிளந்தவள் சட்டென்று சிரித்துவிட்டாள். பிறகு யோசித்தாள். "எப்பவும் ஒரே எடத்துலதானே வரும்? அந்த எடத்துல இருக்கான்னு பாருங்க."

அதிலும் ஒரு சங்கடம். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்ததிலிருந்து நோலீன் மவுத்பீஸைச் சற்று இடப்பக்கம் தள்ளித்தான் வைப்பாள். அதன் வளையம் உட்காருகிற இடமும் கொப்புளம் குடியிருக்கிற இடமும் ஒன்றேதான். ட்ராங்கிடம் இதைச் சொன்னபோது அவள் கையை விரித்தாள். சிறுநீரகக் கோளாறு உண்டா, வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, மாத்திரைப் பெட்டியைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தாள். பெட்டியின்மேல் ஹெர்பிஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த வார்த்தையைப் பார்த்தாலே நோலீனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே வருகிற சாதாரண உதட்டுக் கொப்புளம், யாரோ ஓர் அத்தையோ மாமாவோ பாசமாகக் கொஞ்சிக் கொடுத்த சீதனம். அதற்குப் போய், ஊர் கிசுகிசுக்கிற பால்வினை நோய்க்கும் இருக்கிற இந்தப் பெயர். வீட்டுக்குப் போனதும் பெட்டியைக் கிழித்தெறிந்துவிட்டு, மாத்திரையை மட்டும் கார்னெட் பெட்டிக்குள் எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் செருகி வைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமையே ஏமாந்தாள். ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது குறுகுறுப்பு இன்னும் போகாததுபோல இருந்தது. பதற்றத்தில் ஓடிப்போய் மாத்திரை மொத்தத்தையும் விழுங்கிவிட்டு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அவள் புருஷன் கெவ் மீன்பிடிக்கிறவன். வலையைத் தைத்துக்கொண்டே அவளைப் பார்த்தான்.

"என்னடி, முட்டை பொரியுமான்னு பாக்குற மாதிரி உக்காந்திருக்க?"

"பேசாத. உதடு அசையக் கூடாது."

"பேசுறது நான். உன் உதடு ஏன் அசையப்போகுது?"

மறுநாள் உதடு குழந்தையின் உதடுபோல வழவழவென்று இருந்தது. மருந்து வேலை செய்ததா, இல்லை அது வெறும் ஊதின குறுகுறுப்பா என்று அவளுக்கும் தெரியவில்லை, ஆண்டவனுக்கும் தெரிந்திருக்காது. அதற்கடுத்த நாள் உதட்டைத் தூக்கி விளக்கில் காட்டியபோது கெவ் எட்டிப் பார்த்துச் சொன்னான்: "ஒண்ணுமே இல்லடி. மாத்திரைய வேஸ்ட் பண்ணிட்ட." அவள் ஈரத் துணியை அவன்மேல் விட்டெறிந்தாள். மறுபடியும் ட்ராங்கிடம் போய் நின்றாள். ட்ராங் திட்டவில்லை. ஆனால் மாத்திரையைக் கையில் வைக்கும்போது, "இது மிட்டாய் இல்ல, நோலீன். இந்தத் தடவை நெஜமா வந்தா மட்டும் போடுங்க. ஆனா வந்தா யோசிச்சுக்கிட்டு உக்காராதீங்க" என்றாள். சந்தேகமிருந்தால் போடாதே, தாமதிக்கவும் தாமதிக்காதே. நல்ல கதைதான் போ என்று நினைத்துக்கொண்டே நோலீன் படியிறங்கினாள்.

லாரி கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, வடக்கிலிருந்து பாலைவனக் காற்று வந்து இறங்கியது. அன்று பார்த்து லாரியை அலங்கரிக்க ஆள் குறைவு. நோலீன் தொப்பியை வீட்டில் மறந்துவிட்டுப் பகல் பூராவும் வெயிலில் நின்று ஜரிகைக் காகிதம் கட்டினாள். உதட்டில் கிரீம் தடவ வேண்டும் என்ற ஞாபகமே வரவில்லை. சாயங்காலம் கடைசி ஒத்திகை. தகரக் கூரை போட்ட பேண்டு ஹால் அடுப்பாகக் கொதித்தது. தனிச் சரணத்தை அவள் வாசித்து முடித்தாள். மோரீன் மூக்கை உறிஞ்சிவிட்டு, "ம். போதும். டீ குடிங்க" என்றாள். மோரீன் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு யாருக்கும் வந்ததில்லை.

டீயைக் கையில் வாங்கும்போதுதான் உதட்டில் அது தெரிந்தது. இடப்பக்கம். குறுகுறுவென்று. நோலீன் அப்படியே நின்றாள். டீ ஆறட்டும், அதோடு இதுவும் போய்விடும் என்று காத்தாள். டீ ஆறியது, அது போகவில்லை. ஆனால் இன்றைக்குத்தான் வழக்கத்தைவிடக் கூட ஊதியிருக்கிறாளே. எல்லாருக்கும் இன்னும் இப்படித்தான் இருக்கிறதோ, என்னவோ. கேட்டால் தெரிந்துவிடும். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். சுற்றிலும் எல்லாரும் பிஸ்கட் கடித்துக்கொண்டு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். கிரஹாமின் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் ஒருமுறைகூட அந்தச் சரணம் அவள் கார்னெட்டிலிருந்து ஜெட்டியைத் தாண்டிக் கடலுக்குப் போனதில்லை. இந்த வருஷம் விட்டால் இனி இல்லை. வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது.

"ஒரு நிமிஷம்," என்றாள். அவள் உரக்கப் பேசிப் பழக்கமில்லாதவள் என்பதால் எல்லாரும் திரும்பினார்கள். "உங்க எல்லாருக்கும் உதடு இன்னும் குறுகுறுங்குதா?"

"எதுக்குக் கேக்குற?" என்றாள் மோரீன்.

"போன வருஷம் என்னைக் குளவி கொட்டல."

"அது தெரியும்," என்றார் டட்லி.

"அதுக்கு முந்தின வருஷம் பல்வலியும் இல்ல. எனக்கு உதட்டுக் கொப்புளம் வரும். ஹெர்பிஸ். போதுமா? சொல்லிட்டேன். இப்போ வர்றது அதுவான்னு தெரிஞ்சா உடனே மாத்திரை போடணும், தெரியாமப் போட்டா வீண், யோசிச்சுக்கிட்டே நின்னா எல்லாம் போச்சு. இங்க ஊதுற எல்லாருக்குமே குறுகுறுக்குது, நான் எதை வச்சுக் கண்டுபிடிப்பேன்?"

அப்புறம் பின்வரிசையில் ட்யூபா ஊதுகிற கிழவர் மெல்லக் கையைத் தூக்கினார். "எனக்கும் வரும்." இப்போது இரண்டாவது கார்னெட் வாசிக்கிறவரும் கையைத் தூக்கினார். ஹார்ன் வாசிக்கிற அக்கா தங்கை ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள். டிரம் அடிக்கிற வெர்ன்கூடத் தூக்கினான்.

"நீ எதுக்குடா தூக்குற? நீ எதையும் ஊதுறதே இல்லையே," என்றாள் மோரீன்.

"ஊதலன்னா? எனக்கு உதடு இல்லையா?"

மோரீனின் பார்வை மெல்ல அலமாரிக்குப் போனது. அங்கே பேண்டு எந்தக் காலத்திலோ ஜெயித்த பெரிய வெள்ளிக் கோப்பை மினுங்கிக்கொண்டிருந்தது. ஜெட்டியில் வாசித்து முடித்ததும் அதில் பீரை நிரப்பி, முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை ஒரே கோப்பையில் ஒவ்வொரு மிடறு குடிப்பது பேண்டின் வழக்கம். "அப்போ இத்தனை வருஷமா நாம எல்லாரும்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. யாரோ 'ஐயய்யே' என்றார்கள். ஹார்ன் தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு ஹாலே சிரித்தது, ட்யூபா கிழவருக்குப் புரையேறி முதுகில் அடிக்க வேண்டியதாயிற்று.

"நோலீன் ரெண்டு வருஷமா அந்தக் கோப்பைய வேண்டாம் வேண்டாம்னு தள்ளுனப்போ, பெரிய சாமியாரு, பீரு தொட மாட்டாளாக்கும்னு நெனச்சோமே," என்றான் வெர்ன். "இருக்குறதுல யோக்கியமான ஆளு இவதான்."

டட்லி மட்டும் சிரிக்கவில்லை. தன் நாற்காலியிலிருந்து எழுந்து அவளருகில் வந்தார். பள்ளிக்கூடத்தில் பையன்களிடம் பேசுகிற நிதானக் குரலில் கேட்டார்: "கீழுதடு எப்படி இருக்கு?"

"கீழுதடா?"

"எனக்கும் வரும் நோலீன், இருபது வருஷமா. ஊதுனா ரெண்டு உதடும்தான் அடி வாங்குது. அந்தக் குறுகுறுப்பு மேலயும் கீழயும் சேர்ந்தே இருக்கும், சேர்ந்தே போகும். மத்தது ஒத்தையா வந்து நிக்கும். கீழ இருக்கா?"

நோலீன் கண்ணை மூடிக்கொண்டாள். கீழுதடு பேசாமல் படுத்துக் கிடந்தது. மேலுதட்டின் இடப்பக்கத்தில் மட்டும், பட்டாணி அளவு இடத்தில், எறும்பு ஊர்வது போல.

"இல்ல," என்றாள். "மேல மட்டும்தான்."

"அப்போ எதுக்கு இன்னும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்குற? போடு!"

அவள் கார்னெட் பெட்டியைத் திறந்து எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்திலிருந்து மாத்திரையை எடுத்தாள். மாத்திரைகளை வாயில் போட்டு, ஆறின டீயை ஒரே மூச்சில் குடித்தாள். வெர்ன் டிரம்மில் ஓர் உருட்டு உருட்டி, தாளத்தை ஓங்கித் தட்டி முடித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். நோலீனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. டட்லி தன் இடத்துக்குப் போய் ட்ராம்போனைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சரணத்தை அவர் வருஷம் முழுக்க வீட்டில் பழகிக்கொண்டிருந்தார் என்பது அவர் பக்கத்து வீட்டுக்காரியான மோரீனுக்கு மட்டும் தெரியும். அவள் வாயே திறக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது அதிசயம்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த இடம் சிவந்து, லேசாகத் தடித்திருந்தது. கெவ் டார்ச் அடித்துப் பார்த்து, "இருக்கு. ஆனா இல்ல," என்றான். சனிக்கிழமை காலையிலும் அப்படியே இருந்தது. தடிப்பு உடையவும் இல்லை, கொத்தாகப் பெருகவும் இல்லை. நிச்சயமாக எதையும் சொல்ல முடியாத ஒரு சின்னப் புடைப்பு. அவள் அன்று வீட்டில் ஒரு சுரம்கூட ஊதிப் பார்க்கவில்லை; ஊதினால் உடைந்துவிடுமோ என்ற பயம். உதட்டில் கிரீமும் தலையில் கெவ்வின் பெரிய தொப்பியுமாக வந்து லாரியில் ஏறினாள். லாரியின் பக்கக் கம்பியில் ஆளுக்கொரு குவளை கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி. வெள்ளிக் கோப்பையில் யாரோ செவ்வரளிக் கொத்தைச் செருகி டிரைவர் அறைக்கு மேலே கட்டியிருந்தார்கள்.

லாரியை ஓட்டியது கெவ்தான். தெருத் தெருவாக அவள் கார்னெட்டைச் சும்மா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டமாக வாசிக்கிற பாட்டையெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். "உதட்ட அங்க போய்த் தொறந்தாப் போதும்" என்று மோரீன் உத்தரவே போட்டுவிட்டாள். பக்கத்தில் டட்லி, எதற்கும் இருக்கட்டும் என்று ட்ராம்போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டே வந்தார். வாசல்களில் சனங்கள் கையாட்டினார்கள். மருந்துக்கடை வாசலில் நின்றிருந்த ட்ராங் தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, என்ன என்பதுபோலத் தலையை ஆட்டினாள். நோலீன் தோளைக் குலுக்கினாள். ட்ராங் கடையைப் பூட்டிவிட்டு லாரிக்குப் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தாள்.

ஜெட்டியில் கெவ் இஞ்சினை அணைத்தான். பேச்சு அடங்கியது. தண்ணீர் தூண்களில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. நாய்களும் வந்திருந்தன. அவற்றுக்கும் இது திருவிழாதானே. நோலீன் தொப்பியைக் கழற்றி வைக்கோல்மேல் வைத்துவிட்டு எழுந்தாள். மவுத்பீஸை உதட்டில் வைத்தாள், வழக்கமான இடத்தில், சற்று இடப்பக்கம் தள்ளி. வளையம் பட்டதும் அந்த இடம் சுருக்கென்றது. வலிதான், உயிர் போகிற வலி இல்லை. அவள் டட்லியை ஒருமுறை பார்த்தாள். டட்லி ட்ராம்போனின் நீள்குழாயைப் பூட்டி, அதை வைக்கோல் கட்டின்மேல் கிடத்தி, இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டார்.

அவள் மூச்சை இழுத்தாள். முதல் சுரம் கிளம்பி, சனங்களின் தலைக்கு மேலாக, ஜெட்டியின் கடைசி விளக்கைத் தாண்டித் தண்ணீர்மேல் போனது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கசாப்புக்கடைக்காரரின் பழுப்பு நாய் காதை நிமிர்த்தியது. மூஞ்சியை வானத்துக்குத் தூக்கி, வாயைத் திறந்தது. எதையோ யோசித்தது போல அப்படியே இருந்துவிட்டு, மெதுவாக வாயை மூடிக்கொண்டு, முன்னங்கால்களின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.